பறவைக்குச் செலவு வைக்காத படம்

சிங்கப்பூரின் வடக்கே உள்ள ஈரநிலங்களிலும், அடுக்குமாடிகளுக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டங்களிலும் கேமராவோடு காத்திருக்கும் ஒருவரின் அனுபவப் பகிர்வு

சுங்கை பூலோவுக்குப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, “என்ன கேமரா வச்சிருக்கீங்க?” என்பதுதான். அடுத்தது, “லென்ஸ் என்ன விலை?” பன்னிரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் ஈசூனிலிருந்து கிராஞ்சிப் பக்கம் போய் வருகிறேன். இதுவரை ஒருவர்கூட, “அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறுது?” என்று கேட்டதில்லை. நல்ல படத்துக்கும் வெறும் பயணத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வனவிலங்கு என்றதும் ஆப்பிரிக்கப் புல்வெளியும் சிங்கமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஜோகூர் நீரிணையை ஒட்டிய நம் வடகரையில் முதலை, நீர்நாய், உடும்பு, நாரை, மீன்கொத்தி எல்லாம் இருக்கின்றன. எம்ஆர்டியில் கிராஞ்சி வரை போய், அங்கிருந்து பேருந்து ஏறினால் போதும். சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம் காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை.

நாட்காட்டி பார்த்துக் கிளம்புங்கள்

மலாய் மொழியில் சுங்கை பூலோ என்றால் மூங்கில் ஆறு. ஒரு காலத்தில் இங்கே இறால், மீன் பண்ணைகள் இருந்தன. அந்தப் பழைய குட்டைகள்தாம் இன்று பறவைகளின் தங்குமிடம். குட்டைகளில் மதகுகள் உள்ளன. அவற்றைத் திறந்தும் மூடியும் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

கடல் இறங்கியிருக்கும்போது நீரிணையோரச் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். உள்ளான்கள், உப்புக்கொத்திகள் எல்லாம் அங்கே பரவி, புழுவும் நண்டும் தேடிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து பார்த்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். கடல் ஏற ஏற அந்தத் திட்டுகள் மூழ்கிவிடும். அப்போது பறவைகளுக்கு நிற்க இடம் வேண்டும். மதகால் நீர் குறைத்து வைக்கப்பட்ட குட்டைகளுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அந்த நேரத்தில் குட்டையோர மறைவிடக் குடிலில் நாம் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தால் போதும். துரத்த வேண்டியதில்லை.

நம் நாட்டுக் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் இறக்கமும் அதிகம். வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். மீதியை இணையத்தில் கிடைக்கும் ஓத அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். கடல் 2.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாளில், காலை எட்டு அல்லது ஒன்பது மணிக்கு உச்சம் வந்தால், அந்தச் சனிக்கிழமையில் நான் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சமும் நீரும் ஒன்றாக அமையும் நாள்கள் மாதத்தில் சிலதான் வரும்.

நீர் இறங்கும் நேரமும் வீண் அல்ல. சதுப்புநிலக் காட்டின் ஊடே செல்லும் பலகைப் பாதையில் குனிந்து பாருங்கள். துடுப்பையே காலாக ஊன்றிச் சேற்றில் ஏறும் மீன்களைக் காணலாம். மட்ஸ்கிப்பர் என்பார்கள். இரண்டு ஆண் மீன்கள் எல்லைக்காக வாயைப் பிளந்துகொண்டு மோதுவது அருமையான காணொளி. மரமேறும் நண்டு, தண்ணீரைப் பீய்ச்சி இலைமேல் இருக்கும் பூச்சியை வீழ்த்தும் ஆர்ச்சர் மீன் எல்லாம் அங்கேயே உண்டு. இதற்குப் பெரிய லென்ஸ் தேவையில்லை. கைப்பேசியும் பத்து நிமிடம் அசையாமல் இருக்கும் பொறுமையும் போதும். உங்கள் நிழல் விழுந்ததும் எல்லாம் வளைக்குள் ஓடும். நீங்கள் அசையாவிட்டால் ஒன்றொன்றாகத் தலை காட்டும்.

கிராஞ்சி சதுப்புநிலம் வேறு வகை. 2016-ல் திறக்கப்பட்ட இந்த 57 ஹெக்டர் இடம் நன்னீர்ச் சதுப்பு. நீலத் தாழைக்கோழி, சீழ்க்கைச் சிறகி போன்றவற்றை இங்கே பார்க்கலாம். ஊரில் கிணற்றோரப் பனைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு பார்த்த பெரியவர்கள் யாரேனும் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். அதே குருவி இங்கேயும் கூடு கட்டுகிறது.

தலையாட்டும் உள்ளான்

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகளின் பருவம். ரெட்‌ஷேங்க் எனப்படும் செங்கால் உள்ளான், பசிபிக் பொன் உப்புக்கொத்தி, வளைந்த நீண்ட அலகுடைய விம்பிரல் ஆகியவை சுங்கை பூலோவில் எளிதில் தென்படும்.

இவற்றில் செங்கால் உள்ளான் சிறிய பறவை. புறாவைவிடவும் எடை குறைவு. சுங்கை பூலோவில் பிடித்து, சிறு கண்காணிப்புக் கருவி பொருத்தி விடப்பட்ட உள்ளான்களில் சில இமயமலையைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குச் சென்று இனப்பெருக்கம் செய்வது ஆய்வில் தெரியவந்தது. அந்த ஆய்வு 2020-ல் வெளியானது. நம் கிராஞ்சிச் சேற்றில் தின்ற புழுவும் நண்டும்தான் அந்தப் பயணத்துக்கான எரிபொருள்.

இதை அறிந்தபிறகு நான் படம் எடுக்கும் முறையைப் பற்றி அதிகம் யோசித்தேன். மார்ச் மாதம் நெருங்கும்போது இந்தப் பறவைகள் ஓயாமல் தின்று உடலில் கொழுப்பு சேர்க்கும். அந்த நேரத்தில் யாராவது, “கூட்டமாகப் பறந்தால் படம் நன்றாக இருக்குமே” என்று கைதட்டினால், ஐந்து விநாடியில் ஒரு படம் கிடைக்கும். அந்தப் பறவைக்கு ஒரு வேளை ஓய்வும் கொஞ்சம் கொழுப்பும் போகும். ஒரு நாளில் ஒருவர் செய்தால் பெரிதில்லை. ஒரே காலையில் பத்துப் பேர் செய்தால்? அந்தக் கணக்கு நம் கேமராவில் பதிவாவதில்லை.

பறவைகள் முன்கூட்டியே எச்சரிக்கத்தான் செய்கின்றன. செங்கால் உள்ளான் பதற்றமடைந்தால் தலையையும் உடலையும் மேலும் கீழும் ஆட்டும். பிறகு கத்தும். மற்ற பறவைகளும் அந்தக் குரலைக் கேட்டு எழும். அது தலையாட்டத் தொடங்கியதுமே நின்றுவிட வேண்டும். இரண்டு அடி பின்னால் வைத்தால் இன்னும் நல்லது. நாரையாக இருந்தால், கழுத்தை நேராக நீட்டி விறைப்பாக நிற்கும். அதற்கும் பொருள் அதேதான்.

முதலைக்கும் உடும்புக்கும் நீர்நாய்க்கும் இதைவிடக் கூடுதல் இடைவெளி தேவை. முதலையைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பதே நல்லது. எச்சரிக்கைப் பலகைகளை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. உடும்பு பாதையில் குறுக்கே படுத்திருந்தால் அது போகும்வரை நில்லுங்கள். பல ஆண்டுகள் இங்கே காணாமல் போயிருந்த நீர்நாய்கள் 1998-ல் சுங்கை பூலோவில் மீண்டும் தென்பட்டன. இன்று நகர நடுவிலும் குடும்பமாக உலவுகின்றன. குட்டிகளோடு இருக்கும் நீர்நாயை நெருங்கினால் அது கடிக்கத் தயங்காது.

கறிவேப்பிலைச் செடியில் ஒரு மாதம்

ஈரநிலம் வரை போக முடியாதவர்களுக்கு வீட்டின் கீழேயே வேலை இருக்கிறது. எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு சமூகத் தோட்டம் உண்டு. அங்கே கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வளர்க்கும் அம்மா ஒருவர் ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்க குருவிய எல்லாம் படம் எடுக்குறீங்களே, இத வந்து பாருங்க. கறிவேப்பிலையில காக்கா எச்சம் போட்டிருக்குன்னு நெனச்சேன். தொட்டா நகருது!”

அது எச்சம் அல்ல. காமன் மோர்மன் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. பறவை எச்சம்போல் இருந்தால் பறவை தின்னாது அல்லவா? வளர்ந்தபின் அதே புழு இலையின் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புக் கொம்பை நீட்டி வாடை வீசும்.

“மருந்து அடிச்சிரட்டுமா?” என்று அந்த அம்மா கேட்டார். செடி பெரியது. மூன்று புழுக்கள்தாம் இருந்தன. “ஒரு கிளையை மட்டும் அதுக்கு விட்டுருங்கம்மா. மீதி உங்க சாம்பாருக்கு” என்றேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். கைப்பேசியை ஒரு சிறு முக்காலியில் வைத்து, சில விநாடிக்கு ஒரு படம் என்ற முறையில் கூட்டுப்புழு ஆவதைப் பதிவு செய்தோம். அந்தக் காணொளியை அம்மா தம் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பினார். இப்போது தோட்டத்தில் யார் மருந்துக் குப்பியை எடுத்தாலும் முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்கஞ்செடி உங்கள் தோட்டத்தில் இருந்தால் அதன் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரிகளோடு ஒரு புழு இருக்கலாம். அது பிளெயின் டைகர் என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நச்சு அதன் உடலில் சேர்வதால் பறவைகள் அதை விரும்புவதில்லை. ஒளிந்துகொள்ளும் அவசியம் அதற்கு இல்லை. படம் எடுப்பவருக்கு அது வசதி.

எந்தச் செடியில் எந்த உயிர் வாழும் என்று தெரிந்துவிட்டால் தோட்டத்திலும் துரத்தல் இல்லை. செடியருகே உட்கார்ந்தால் அதுவே வரும்.

கூட்டை மறைத்த இலை

மனத்தை விட்டு அகலாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வடக்கே உள்ள ஒரு பூங்காவில், இடுப்பளவு உயரச் செடி ஒன்றில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. தொங்கும் பை போன்ற கூடு, வாசலுக்கு மேல் சிறு கூரை. உள்ளே இரண்டு குஞ்சுகள். செய்தி பரவி, மூன்றாம் நாள் நான் போனபோது பதினைந்துக்கும் மேற்பட்ட முக்காலிகள் நின்றன. கூட்டை மறைத்திருந்த கிளையை யாரோ நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

நான் இருபது அடி தள்ளி நின்று காணொளியை ஓடவிட்டேன். தாய்ப்பறவை அலகில் பூச்சியோடு எதிர்மரத்தில் வந்து அமர்ந்தது. கூட்டைப் பார்த்தது. மனிதர்களைப் பார்த்தது. திரும்பிப் பறந்தது. மீண்டும் வந்தது. சில நிமிடத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டிய பறவை, அரை மணி நேரத்தில் இரண்டு முறைதான் கூட்டுக்குள் அலகை நீட்டியது.

பக்கத்தில் நம்மவர் ஒருவர் நின்றிருந்தார். “அண்ணே, அந்தக் கயித்த அவுத்து விட்டா நல்லது. வெயில் நேரா குஞ்சு மேல அடிக்குது” என்றேன்.

“ரெண்டு நிமிஷம் தம்பி. இன்னும் ஒரே ஒரு படம்” என்றார். பிறகு அவரே போய் அவிழ்த்தும் விட்டார். நல்ல மனிதர்தான்.

மறுநாள் வேலை முடிந்து மாலையில் போனேன். கிளை மறுபடியும் கட்டப்பட்டிருந்தது. கூடு கிழிந்திருந்தது. காகமா, ஓணானா, யாரும் பார்க்கவில்லை. என்னிடம் பதினொரு நிமிடக் காணொளி இருக்கிறது. அதில் குஞ்சுகள் இல்லை. அலகில் பூச்சியை வைத்துக்கொண்டு எதிர்மரத்தில் காத்திருக்கும் தாய்ப்பறவை மட்டும் இருக்கிறது.

கூட்டை மறைக்கும் இலைதான் அதன் கதவு. கதவைக் கழற்றிவிட்டுத்தான் படம் கிடைக்கும் என்றால் அந்தப் படம் நமக்கு வேண்டாம்.

இரை வைத்து வரவழைப்பதும் இதே வகைதான். சில ஆண்டுகளுக்கு முன், மீன் மிதக்க வேண்டும் என்பதற்காக அதற்குள் ஸ்டைரோஃபோம் திணித்துக் கழுகுக்கு வைத்த ஒருவருக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி விலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கப்படலாம்.

நம் ஊர் ஈரமும் கேமராவும்

கருவி பற்றி ஒன்றுமே சொல்லாமல் போனால் கேட்ட நண்பர்கள் கோபிப்பார்கள். பறவைக்கு 400 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் வசதி. எட்டி நின்றே எடுக்கலாம் என்பதுதான் அதன் பெரிய நன்மை. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் விநாடியில் 2,000-ல் ஒரு பங்கு. காணொளிக்கு விநாடிக்கு 25 படம் என்றால் 50-ல் ஒரு பங்கு போதும்.

காணொளி எடுப்போர் பலர் செய்வது, பறவையைக் கண்டதும் கேமராவை அங்குமிங்கும் திருப்புவது. முக்காலியில் நிறுத்தி, மனத்துக்குள் இருபது வரை எண்ணுங்கள். பறவை சட்டகத்தை விட்டு வெளியே போனாலும் எண்ணி முடியுங்கள். சேறு குமிழியிடும் ஓசையும் மதகு நீரின் சலசலப்பும் தனியே பதிவானால் பிற்பாடு கோக்கும்போது கைகொடுக்கும்.

குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்ஸ் மேல் ஆவி படியும். துடைத்தால் மீண்டும் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிச்சூட்டில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். வீட்டில் ஈரப்பதம் நீக்கும் பெட்டி இல்லையென்றால், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நம் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

படம் சாட்சியாகும்போது

இத்தனை கட்டுப்பாடும் எதற்கு, சும்மா பொழுதுபோக்குத்தானே என்று கேட்கலாம். சுங்கை பூலோ இன்று இருப்பதற்கே பொழுதுபோக்காகப் பறவை பார்த்தவர்கள்தாம் காரணம். 1986-ல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்தவர்கள் இங்கே குவியும் பறவைகளைக் கண்டு குறித்துவைத்தார்கள். வேறு பயன்பாட்டுக்குப் போகவிருந்த இடத்தைக் காக்கச் சொல்லி அரசிடம் விண்ணப்பித்தார்கள். 1989-ல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, 1993-ல் திறக்கப்பட்டது. 2002-ல் 130 ஹெக்டர் கொண்ட இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்பு பெற்றது. மறு ஆண்டு ஆசியான் மரபுடைமைப் பூங்கா ஆனது. ஒருவர் பார்த்ததைத் தேதியோடு எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த நிலமே சான்று.

நம் படங்களும் அப்படிப் பயன்படலாம். வலசைப் பறவைகளின் காலில் சில சமயம் சிறு நிறக்கொடி ஒன்றைக் காணலாம். பிடித்து ஆராய்ந்து விட்டவர்கள் மாட்டியது. எந்த இடத்தில் மாட்டினார்கள் என்பதை நிறச்சேர்க்கை சொல்லும். எழுத்தோ எண்ணோ இருந்தால் எந்தப் பறவை என்பதே தெரிந்துவிடும். அழகான வெளிச்சம் இல்லாத, சற்று மங்கலான படம்கூடக் கொடி தெரிந்தால் போதும். தேதி, நேரம், இடம் குறித்துத் தேசியப் பூங்காக் கழகத்துக்கு அனுப்புங்கள். போட்டியில் பரிசு வாங்காத படம் ஆய்வாளருக்குப் பொக்கிஷமாக இருக்கும்.

போகுமுன் கவனிக்க

• ஓத அட்டவணையைப் பாருங்கள். பறவைக்கு நீர் ஏறும் நேரம். நண்டுக்கும் சேற்றுமீனுக்கும் நீர் இறங்கும் நேரம்.
• உச்சநீருக்கு ஒரு மணி நேரம் முன்பே குடிலுக்குள் போய்விடுங்கள். மங்கலான நிற உடை நல்லது.
• பாதையை விட்டு இறங்க வேண்டாம். அனுமதியின்றி டிரோன் பறக்கவிட வேண்டாம்.
• பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு ஏமாற்றி அழைக்க வேண்டாம். இரவுப் பறவைகளின் கண்ணில் மின்னல் விளக்கு அடிக்க வேண்டாம்.
• கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் எழுத வேண்டாம். குஞ்சு பறந்துபோன பிறகு படத்தைப் பகிர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை.
• தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, கேமராவுக்கு மழையுறை ஆகியவற்றை மறக்காதீர்கள். மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

பிள்ளைகளை அழைத்துப் போனால் முதல் நாள் கேமராவைக் கொடுக்காதீர்கள். குடிலில் உட்காரவைத்து, எந்தப் பறவை தலையாட்டுகிறது, எது நிம்மதியாகத் தின்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் எந்தக் கேமராவையும் நம்பிக் கொடுக்கலாம்.